அரை வாளித் தண்ணீர்



வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும் தறுவாயில் ஒரு கவலை தலைகாட்டுவதைக் காணலாம். குழந்தைக்குத் தமிழ் வருமா, வராதா என்பதே அக்கவலை. ஊரிலிருந்து பாட்டி வந்தால் அவரோடு அது பேசுமா? அல்லது, "பாட்டி, பானி கிர் கயா" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்குமா? இக்கவலையைத் தீர்ப்பதற்கு நாம் எழுத்து அட்டைகள் வாங்குகிறோம். படப் புத்தகங்கள் வாங்குகிறோம். செல்பேசியில் தமிழ்ப் பாட்டைப் போட்டுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறோம். இவை எல்லாவற்றினும் மலிவான ஒரு சாதனத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது அரை வாளித் தண்ணீர்.

பெயர்ச்சொற்கள் குழந்தைக்கு எப்படியோ வந்துவிடுகின்றன. சோறு, பால், நிலா, நாய், காக்கை ஆகியவற்றைத் தில்லியில் வளரும் குழந்தையும் சொல்லிவிடும். அது இடறுவது வினைச்சொற்களில்தான். குவளை கவிழ்ந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், குழாய் சொட்டினாலும், நிறைகுடம் தளும்பினாலும் அதற்குத் தெரிந்தது "கிர் கயா" ஒன்றே. இது இந்தியின் குற்றமன்று. இந்தியில் தளும்புவதற்குச் 'சலக்னா' உண்டு. சொட்டுவதற்கு 'டபக்னா' உண்டு. பிழிவதற்கு 'நிசோட்னா' உண்டு. அவையும் நம் குழந்தைக்குத் தெரியா. தன் மொழியிலும் வறியதாய், பக்கத்து வீட்டு மொழியிலும் வறியதாய், 'விழுந்தது' என்ற ஒரே சொல்லோடு அது நிற்கிறது. வருந்தத்தக்கது இதுவே.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் நிற்கும் இடத்தில், தமிழில் ஊற்று, வார், கொட்டு, பொழி என்று நான்கு சொற்கள் வந்து வரிசையில் நிற்கும். எண்ணெயை ஊற்றுகிறோம், தோசையை வார்க்கிறோம், வாளித் தண்ணீரைக் கொட்டுகிறோம், மழை பொழிகிறது. எந்த இடத்திற்கு எது பொருந்தும் என்பதை அகராதியைப் பார்த்து நாம் கற்கவில்லை. தாயார் வார்த்த தோசையைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தும், தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டும் கற்றோம். யானையைப் படத்தில் காட்டி 'யானை' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். 'தளும்பு' என்பதை எந்தப் படத்தில் காட்டுவது? விளிம்பு வரை நிரம்பிய குவளையைக் கையில் ஏந்திக் குழந்தை நாலு அடி நடக்க வேண்டும். அப்போது தளும்பும், கை நனையும், பக்கத்தில் இருக்கும் பெரியவர், "தளும்புகிறது பார்" என்று சொன்னால் போதும். அச்சொல் பிறகு மறப்பதில்லை.

விளையாட்டுக்கு வேண்டிய பொருள்களுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அகன்ற, ஆழமற்ற தொட்டி அல்லது பெரிய தாம்பாளம் ஒன்று. உயரமான குவளை, குட்டையான கிண்ணம், செம்பு, வடிகட்டி, புனல், குழிக்கரண்டி, பழைய துணி ஒன்று. தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் மிக நன்று. ஒன்று கண் திறந்ததாக இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாயின் மொட்டை மாடியோ, பால்கனியோ, கீழே பொதுத் தோட்டத்தின் ஒரு மூலையோ போதும். பால்கனியில் விளையாடுவதாயின் கீழ்வீட்டுக்காரர் துணி உலர்த்தியிருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது அயலாரோடு நல்லுறவுக்கு உதவும்.

குழந்தை முதலில் செய்வது மொள்ளுவதும் ஊற்றுவதும்தான். மொண்டு, ஊற்றி, மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றி, அரை மணி நேரம் இதிலேயே கழிந்துவிடும். இதில் என்ன பயன் என்று பெரியவர்கள் பொறுமை இழக்கலாகாது. இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணி புரிந்தார். அவர் வகுத்த முறையில், ஒரு சாடியிலிருந்து மற்றொரு சாடிக்குச் சிந்தாமல் ஊற்றுவது முறையான பயிற்சியாகவே இடம் பெற்றிருக்கிறது. முதலில் தானியம், கை பழகியபின் தண்ணீர். மணிக்கட்டும் விரலும் கண்ணும் ஒன்றுக்கொன்று இணங்கி வேலை செய்யக் கற்றுக்கொள்வது அப்போதுதான். பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தாமே? ஈரத் துணியைப் பிழிவது அவ்விரல்களுக்குத் தரும் வலிமையை வேறு எளிய வேலை தருவது அரிது. பொம்மையின் சட்டையை அலசி, பிழிந்து, உதறி, கொடியில் போடச் சொல்லுங்கள். நான்கு வினைச்சொற்கள் ஒரு சட்டையில் அடங்கிவிட்டன.

கண் திறந்த சிரட்டையில் நீரை நிரப்பித் தூக்கிப் பிடித்தால் நீர் ஒழுகும். விரலால் கண்ணை அடைத்தால் நிற்கும். சற்றே விலக்கினால் சொட்டும். சல்லடையில் ஊற்றினால் தூறல். கையை நனைத்து விதிர்த்தால் தெளிக்கலாம். துணி மூட்டையாகக் கட்டிய ஈர மணலிலிருந்து நீர் கசியும். இச்சொற்களைப் பாடம்போல் ஒப்பிக்கச் செய்தல் வேண்டா. "இது என்ன? சொல் பார்க்கலாம்" என்று பரீட்சை வைத்தால் விளையாட்டு அன்றோடு முடிந்தது. குழந்தை செய்துகொண்டே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, நடப்பதை நடக்கும்போதே சொல்லிக்கொண்டிருங்கள். உங்கள் ஊர்ச் சொல்லையே சொல்லுங்கள். சிலர் வீட்டில் தண்ணீரை மொள்ளுவார்கள், சிலர் கோருவார்கள், சிலர் சேந்துவார்கள். மூன்றும் தமிழே. தில்லியில் வளர்ந்தாலும் குழந்தையின் பேச்சில் பாட்டி ஊரின் சாயல் ஒட்டியிருந்தால் பாட்டிக்குத்தான் எத்துணை மகிழ்ச்சி!

அடுத்து, மிதப்பதும் மூழ்குவதும். எலுமிச்சம்பழம் மிதக்கிறது, உருளைக்கிழங்கு மூழ்குகிறது. வெறுங்குவளை மிதக்கிறது, நீர் புகுந்தால் அதே குவளை மூழ்குகிறது. குளிர்காலத்தில் இங்கே ஆரஞ்சு மலிவாகக் கிடைக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். தோலோடு போட்டால் ஆரஞ்சு மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் மூழ்கும். எடை குறைந்த பின் மூழ்குவானேன் என்று பெரியவர்களே சற்றுத் திகைப்பார்கள். பஞ்சு போன்ற தோலுக்குள் காற்று அடைபட்டிருந்து, பழத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இதை நாலு வயதுக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை. விளக்கம் பத்து வயதில் வரும். வியப்பு இப்போதே வரட்டும்.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் குழந்தைகளின் சிந்தனையை நெடுங்காலம் ஆராய்ந்தவர்; 1896இல் பிறந்து 1980இல் மறைந்தார். அவர் கண்ட ஓர் உண்மையை நம் வீட்டிலேயே காணலாம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் நீரைச் சமமாக ஊற்றுங்கள். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். பிறகு அதன் கண்ணெதிரிலேயே ஒரு குவளை நீரை ஒல்லியான, உயரமான பாத்திரத்திற்கு மாற்றுங்கள். "இதில்தான் நிறைய இருக்கிறது" என்று உயரமான பாத்திரத்தைக் குழந்தை சுட்டிக் காட்டும். ஏறத்தாழ ஏழு வயது வரை இவ்வாறே சொல்லும். அறிவுக் குறைவென்று எண்ணித் திருத்தப் புகுவது வீண் வேலை. நூறு முறை ஊற்றி, நூறு முறை திரும்ப ஊற்றிப் பார்க்கும் கைதான் ஒருநாள் அளவு மாறவில்லை என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

தண்ணீரால் சுவரில் எழுதும் விளையாட்டு தில்லியின் கோடைக்கென்றே பிறந்தது போலும். சுவரில் வெள்ளையடிக்கும் பழைய மட்டை ஒன்றும் சிறு கிண்ணத் தண்ணீரும் போதும். மாலை ஐந்தரை மணிக்கு மேல், நாளெல்லாம் வெயில் குடித்த மாடிச் சுவரில் குழந்தை கோடு இழுக்கும். கோடு கறுத்துத் தோன்றி, ஈரம் உலர்ந்து, கண் முன்னே மறைந்துவிடும். எங்கே போயிற்று? மறுபடி எழுத வேண்டியதுதான். சுவர் அழுக்காவதில்லை, வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தக் காரணம் தேட மாட்டார். தரையில் அம்மா நீரில் விரலைத் தோய்த்து ஒரு சிறு கோலம் இட்டால், குழந்தை அதைச் சுற்றிவரும் இழையைத் தன் விரலால் தொடரும். இரண்டாவது புள்ளிக்குப் போவதற்குள் முதற்புள்ளி காய்ந்துவிடும் என்பதால் குழந்தைக்கு அதில் ஓர் ஓட்டப் பந்தயத்தின் பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது.

மண் விளையாட்டு நமக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் இளம்பெண்கள் ஈர மணலில் பாவை செய்து விளையாடுகிறார்கள். அதற்கு வண்டற்பாவை என்று பெயர். சிறுவர் சிறுமியர் மணலில் கட்டும் சிறுவீடு 'சிற்றில்'. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் குழந்தைக்குச் சிற்றில் ஒரு பருவம். பெண்பாற் குழந்தைக்கு நீராடல் ஒரு பருவம். குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மை நீராடுவது வையையில். இறைவியையே தண்ணீரில் விளையாட விட்ட மரபில் வந்த நாம், நம் வீட்டுக் குழந்தையைப் பார்த்து, "தண்ணீரில் கை வைக்காதே" என்று இருபது முறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் மணல் விஷயத்தில் கவனம் வேண்டும். தெருவோரத்தில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் ஆணியும் கண்ணாடித் துண்டும் நாயின் கழிவும் இருக்கக்கூடும்; சிமெண்டுத் தூள் கலந்திருந்தால் தோலைப் புண்ணாக்கும். ஒரு கூடை மணல் வாங்கி, சலித்து, இரண்டு மூன்று நீர் விட்டு அலசி, வெயிலில் நன்கு காய வைத்து, மூடிய பெட்டியில் வைத்துக்கொண்டால் ஓராண்டு போதும். உலர்ந்த மணல் கையில் நிற்காது, உதிரும். சிறிது நீர் தெளித்தால் பிடித்த பிடி நிற்கும். மேலும் ஊற்றினால் சரிந்துவிடும். மணல் துகள்களுக்கிடையே நீர் மெல்லிய பாலமாக நின்று அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீர் மிகுந்து இடைவெளி முழுவதும் நிரம்பிவிட்டால் அந்தப் பிடி அற்றுப்போகிறது. எவ்வளவு ஊற்றினால் கோபுரம் நிற்கும் என்பதைக் குழந்தை தானே அளந்து கண்டுபிடிக்கட்டும். களிமண் வேண்டுவோர் மேற்குத் தில்லியில் உத்தம் நகரை அடுத்த குயவர் குடியிருப்பில் கேட்டுப் பார்க்கலாம். பிசை, குழை, உருட்டு, தட்டு ஆகியவை அந்த ஒரு பிடி மண்ணில் வந்துவிடும்.

தொட்டுணரும் சொற்களில் தமிழ் பெருஞ்செல்வம் உடையது. நனைந்த சோப்பு வழுவழு என்றிருக்கும்; மணல் நறநற; செங்கல் சொரசொர; தேன் பிசுபிசு; ஊறிய சவ்வரிசி கொழகொழ. நவராத்திரி விரத நாள்களில் இங்கே கடைதோறும் 'சாபூதானா' என்று விற்கப்படுவது இந்தச் சவ்வரிசியே. சேலத்தில் மிகுதியாக உற்பத்தியாவது. இரண்டு பிடியை ஊற வைத்துக் கிண்ணத்தில் கொடுத்தால் குழந்தை கையை விட்டு அளைந்துகொண்டே இருக்கும். மூக்குக்கு வெட்டிவேர். வடநாட்டார் 'கஸ்' என்பார்கள். அதை நனைத்தால் எழும் மணத்தை இவ்வூரார் நன்கு அறிவர். ஆங்கிலேயர் அவ்வேரைக் குறிக்க வழங்கும் 'வெட்டிவர்' என்ற சொல் நம் தமிழிலிருந்து போனது. கோப்புகளில் அச்சொல்லைக் காணும்போதெல்லாம், ஊர் விட்டுப் போன உறவினரைப் புகைவண்டி நிலையத்தில் கண்டதுபோல் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

பனிக்கட்டியையும் மறக்கலாகாது. குவளையில் நீரூற்றி, ஒரு செம்பருத்திப் பூவை உள்ளே போட்டு உறைய வையுங்கள். மறுநாள் அந்தக் கட்டியைத் தாம்பாளத்தில் வைத்துப் பூவை வெளியே எடுக்கும்படி குழந்தையிடம் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும், தேய்க்கும், வெதுவெதுப்பான நீரை ஊற்றும். பனிக்கட்டி உருகும், தூவிய உப்பு கரையும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை அன்றே அது அறிந்துகொள்ளும்.

இனி, வீட்டுப் பெரியவர்கள் எழுப்பும் தடையைப் பார்ப்போம். "சளி பிடிக்கும்" என்பார்கள். சளியை உண்டாக்குவது நச்சுயிர்க் கிருமி. நீரில் கை அளைவதால் அது பிறப்பதில்லை. எனினும் சிறு உடம்பு விரைவில் வெப்பத்தை இழக்கும். எனவே விளையாட்டு முடிந்ததும் துடைத்து உலர்ந்த உடை அணிவித்தல் இன்றியமையாதது. தில்லியின் சனவரிக் குளிரில் நண்பகல் வெயிலில், வெந்நீர் கலந்த நீரில், கை மட்டும் நனையும் அளவில் விளையாடலாம். காற்று மாசு மிகுந்த நாள்களில் வெளியே செல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மே, சூன் மாதங்களில் முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு மணி வரை மொட்டை மாடிப் பக்கமே போக வேண்டா.

அதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சிறு குழந்தை மூழ்கக் குளமோ கிணறோ வேண்டியதில்லை. இரண்டு அங்குல நீரே போதும். குழந்தைக்குத் தலை கனம் மிகுதி. வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் தானே எழ இயலாது, கூச்சலும் கேட்காது. அதனால்தான் வாளியை அப்படியே கொடுக்காமல் ஆழமற்ற தாம்பாளத்தில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். செல்பேசி அடித்தால் அடிக்கட்டும். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். எழுந்து போவதாயின் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். பால்கனிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி முக்காலி, நாற்காலி எதுவும் இருத்தல் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கோலிக்குண்டு, மணி, பட்டாணி போன்ற தொண்டையில் அடைக்கும் சிறு பொருள்களைத் தருதல் ஆகாது. எப்படியும் குழந்தை இரண்டு வாய் குடித்துவிடும். ஆகையால் நீர் தூயதாக இருக்கட்டும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இது வீண் செலவன்றோ என்று கேட்கலாம். எட்டுப் பத்து லிட்டர்தானே? ஆட்டம் முடிந்ததும், சோப்போ உப்போ கலவாத நீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் துளசிக்கும் குழந்தையையே ஊற்றச் சொல்லுங்கள். 'பாய்ச்சு' என்ற சொல்லும் கிடைத்துவிடும். பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். தில்லியில் கூலர் தொட்டிகளைச் சோதிக்க நகராட்சி ஊழியர் வீடு தேடி வருவது இதன் பொருட்டே.

தந்தையும் தாயும் அலுவலகம் போகும் வீடுகளில் நாள்தோறும் இது இயலாது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி போதும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குழந்தையையும் அழைத்துக்கொள்ளுங்கள். 'தளும்பு' அங்கே போகட்டும். 'சலக்னா' இங்கே வரட்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இளங்குழந்தைகளின் கல்வி விளையாட்டு வழியாக அமைய வேண்டும் என்றும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு எல்லா ஊரிலும் கிட்டுவதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகள் ஆற்றும் தொண்டு பெரிது. ஆயினும் பள்ளி தருவது எழுத்தும் இலக்கணமும். அலசுவதையும் பிழிவதையும் பள்ளி கற்றுத் தருமென்று காத்திருக்க முடியுமா?

சூன் இறுதியில் இங்கே முதல் மழை வரும். இடி மின்னல் ஓய்ந்த பிறகு, குடியிருப்பின் நடைபாதையில் தேங்கும் சிறு குட்டைகளைப் பாருங்கள். சாக்கடை கலவாத, கணுக்காலுக்குக் கீழ்ப்பட்ட குட்டையாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மண்வாசனையை முகரச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாளில் ஒரு கத்திக் கப்பல் செய்து கையில் கொடுங்கள். அது மிதக்கும், சுழலும், தட்டி நிற்கும். காகிதம் ஊறும், குழையும், கடைசியில் சாயும். இன்னொரு கப்பல் கேட்டு வரும் குழந்தைக்கென்று நாலைந்து தாள்களைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.